ஒரு டப்பா வெயில்

ஏத்தா, நீ அனுப்புன போட்டோவைப் பார்த்தேன். மூக்கு நுனி செவந்து, கன்னத்து எலும்பு மேல தாமிரத்தைத் தேய்ச்சு, நெத்தியோரம் நாலு முடி மட்டும் பழுப்பேறி நிக்கிறா ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. அதுக்குக் கீழே, "அப்பத்தா, தை மாசம் என் கல்யாண ரிசப்ஷனுக்கு எனக்கு இந்த சன் கிஸ்டு லுக்குதான் வேணும், என்ன சொல்றீக?"ன்னு கேட்டிருக்கே. என்னத்தைச் சொல்ல? நத்தம் ரோட்டுல தார் ஊத்துற பொம்பளைகளுக்கும் இதே லுக்குதான். அவுகளுக்குக் கூலி குடுத்துப் பூசி விடுறாக. நீ கூலி குடுத்துப் பூசிக்கப் போறே. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

கோவிச்சுக்காத. பூக்கட்டுற கெழவிக்கு மேக்கப்பைப் பத்தி என்ன தெரியும்னும் நெனைக்காத. கல்யாணப் பொண்ணுகளுக்குப் பூச்சடை தைச்சுக் குடுக்கத் திண்டுக்கல்லுல பார்லர் பார்லரா ஏறி எறங்குறவ நான். பூவைக் குடுத்துட்டுக் காசு வர்ற வரைக்கும் வாசல்லயே குத்தவெச்சிருப்பேன். கண்ணும் காதும் சும்மா கெடக்குமா? எந்த டப்பாவை எப்பத் தொறக்குறாக, எதைப் பூசுனா எவ அழுவா, எல்லாம் எனக்கு அத்துபடி. மிச்சத்தை உன் சித்தப்பன் சொல்லுவான். வாத்தியாரு வேலை பார்த்தவன், கேக்காமலே சொல்லுவான்.

மொதல்ல ஒரு விசயம். விண்டர்ல இந்த லுக்கை எப்படிக் கொண்டுவர்றதுன்னும் கேட்டிருக்கியே, எந்த ஊரு விண்டரு தாயி? நம்ம ஊருல மார்கழி விடியக்காலம் இருபது டிகிரிக்குப் பக்கத்துல எறங்குனாப் போதும், உங்க ஐயா குல்லாவும் மப்ளரும் மாட்டிக்கிட்டுக் கயித்துக் கட்டில்ல உக்காந்து, "இந்த வருசம் பனி சாஸ்தி"ம்பாரு. பத்து மணிக்கு அதே மனுசன் சட்டையைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு விசிறியைத் தேடுவாரு. இதுதான் நம்ம விண்டரு.

உன் சித்தப்பன் ஒரு நிழல் கணக்குச் சொல்றான். சூரியன் தெக்கே ரொம்பச் சாஞ்சு நிக்கிற மார்கழி நாள்லகூட, உச்சிப்பொழுதுக்கு நம்ம மணிக்கூண்டுகிட்ட நின்னா உன் நிழல் உன் உசரத்துல மூணுல ரெண்டு பங்குதான் இருக்குமாம். அதே நாள் உச்சிக்கு லண்டன்ல நின்னா, நிழல் உன் உசரத்தைவிட மூணரை மடங்குக்கு மேல நீளுமாம். நிழல் ஆளைவிடக் குட்டையா இருந்தா வெயில்ல தோலைக் கறுக்க வைக்கிற வீரியம் இருக்குன்னு அர்த்தம். நிழல் நீண்டுபோச்சுன்னா அது பேருக்கு வெயிலு. அந்த ஊருப் பொண்ணுகளுக்கு ஆறு மாசம் பேருக்குத்தான் வெயிலு. அதனால டப்பாவுல வாங்கிப் பூசுதுக. அது நாயம். இல்லாதவ வாங்குறா. நமக்கு மார்கழி மத்தியானமும் வாசப்படியில வந்து நிக்குது. நாமதான் கதவைச் சாத்திட்டு டப்பாவைத் தொறக்குறோம்.

சாத்துறதும் லேசாவா சாத்துறே? பஸ் ஸ்டாண்டுலேருந்து ஆர்.எம். காலனிக்கு ஸ்கூட்டியில போக, துப்பட்டாவை முகத்தைச் சுத்தி ரெண்டு சுத்து, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, முழங்கை வரைக்கும் உறை. இதே கோலத்துல பேங்குக்குள்ள போனா வாட்ச்மேன் துப்பாக்கியைத் தேடுவான். இம்புட்டும் எதுக்கு? கறுத்துரக் கூடாதுன்னு. அப்புறம் வீட்டுக்கு வந்து, துப்பட்டாவை அவுத்து, கண்ணாடி முன்னாடி உக்காந்து, பிரஷ்ல தொட்டுத் தொட்டுக் கறுப்பைப் பூசுறே. வெயில் வேணாம்னு ஒரு செலவு, வெயில் வேணும்னு ஒரு செலவு. கடைக்காரன் ரெண்டு பக்கமும் கல்லாப்பெட்டியைத் தொறந்து வெச்சிருக்கான்.

ஃபேர் அண்ட் லவ்லி வந்தது 1975ல. உங்க அத்தை வயசுக்கு வந்தப்ப அந்த டியூபை நசுக்கி நசுக்கிக் கடைசியில கத்தரிக்கோலால வெட்டி வழிச்சா. 2020ல அந்தக் கம்பெனியே 'ஃபேர்' வேணாம்னு எடுத்துட்டு 'குளோ'ன்னு மாத்திருச்சு. டியூபு பேரை மாத்திக்கிச்சு. பொண்ணு பார்க்க வர்றவுக தரகர்கிட்டக் கேக்குற கேள்வியை மாத்திக்கலை. சென்னையில விமன் ஆஃப் வொர்த்னு ஒரு அமைப்பு 2009ல 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்'னு இயக்கம் ஆரம்பிச்சுது. நடிகை நந்திதா தாஸ் 2013ல அதுக்காக முன்னாடி வந்து நின்னாக. அடுத்த வருசம் விளம்பரத் தரக் கவுன்சில், கறுத்த தோலைக் கேவலமாக் காட்டி விளம்பரம் எடுக்கக் கூடாதுன்னு விதி போட்டுச்சு. எல்லாம் நல்ல காரியம். ஆனா நம்ம தெருவுல ஜாதகத்தோட குடுக்கிற பயோடேட்டாவுல, நல்லாக் கறுத்த பிள்ளைக்கு 'மாநிறம்'னும், மாநிறத்துக்குச் 'சிவப்பு'ன்னும் ஒரு படி ஏத்தி எழுதுற பழக்கம் அப்படியேதான் கெடக்கு. பரீட்சையிலகூட இப்படிக் கருணை மார்க்குப் போட மாட்டாக.

வெள்ளைக்காரிக்கு மட்டும் எப்படிக் கறுப்பு இனிச்சுதுன்னு நீ யோசிச்சியா? அவுக ஊருலயும் முந்தி நம்ம கதைதான். காட்டுவேலை பார்க்கிறவ கறுத்தவ, மாளிகைக்குள்ள இருக்கிறவ வெளுத்தவ, வெளுத்தவதான் அழகு. அப்புறம் கூலிக்காரி ஃபேக்டரிக்குள்ளயும் சுரங்கத்துக்குள்ளயும் போனா, வெயிலைப் பார்க்காம வெளுத்தா. காசுக்காரிக்கு மட்டும் கடற்கரையில போய் மல்லாந்து கெடக்க லீவு கெடைச்சுது. அவ கறுத்தா. வெளிச்சத்தை வெச்சே தோல் வியாதிக்கு வைத்தியம் பார்த்ததுக்காக 1903ல நீல்ஸ் ஃபின்சன்னு ஒரு டாக்டருக்கு நோபல் பரிசு குடுத்தாக. அதுலேருந்து வெயிலுக்கு மரியாதை வந்துச்சு. 1920கள்ல கோகோ ஷனெல்னு பாரிஸ் துணிக்கடையம்மா பிரான்சு நாட்டுத் தெக்குக் கரையில சுத்தித் திரிஞ்சு கறுத்துப்போய் வந்தாகளாம். அவுக பண்ணுனா ஃபேஷன்தானே, எல்லாரும் கறுக்கக் கெளம்பிட்டாக.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, முடிச்சுப் போட்டு வெச்சுக்கோ. கூலி வேலை எங்கிட்டு நடக்குதோ, அழகு அதுக்கு எதிர்த்த பக்கம் போய் நின்னுக்கும். நம்ம ஊருல கூலி வேலை இன்னும் வெயில்லதான். நிலக்கோட்டையில மல்லி எடுக்கிறவ, ஒட்டன்சத்திரத்துல தக்காளிக் கூடை தூக்குறவ, ரோட்டுல ஜல்லி அள்ளுறவ எல்லாரும் வெயில்ல நிக்கிறா. அதனால அழகு நிழல்ல உக்காந்திருக்கு. நீ கோயம்புத்தூர்ல ஏசி ஆபீஸ்ல சேர்ந்த மறு வருசமே உனக்கு மட்டும் அழகு எந்திரிச்சு வெயிலுக்கு வந்துருச்சு, பார்த்தியா? அதே சமயம் வேடசந்தூர்ப் பக்கம் நூல்மில்லுக்குள்ள ஷிப்டுக்கு ஷிப்டு நின்னு வெளுத்துப் போற பிள்ளைகளை, "ஆகா என்ன நெறம்"னு எவனும் பாடலை. நெறத்தையா பார்க்கிறாக? நெறத்துக்குப் பின்னாடி பையில என்ன இருக்குன்னு பார்க்கிறாக.

சரி, வஞ்சது போதும். கேட்டுட்டே, புத்தி சொல்றேன். காசைக் கொட்டித் திரும்பவும் கரியைப் பூசிக்காம இருக்கவாச்சும் இது உதவும்.

எங்கே பூசுறதுன்னு தெரியணுமா? தைப்பூசத்துக்கு முன்னாடி ஒருநாள் பழனி ரோட்டுக்கு வா. காரைக்குடிச் சீமையிலேருந்து நத்தம் வழியா நடந்து வர்ற ஜனம் திண்டுக்கல்லைத் தாண்டி, ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம்னு போய்க்கிட்டிருக்கும். மஞ்ச வேட்டி, பச்சை வேட்டி, காலுல செருப்பில்லை. அதுல ஒரு பொம்பளையாளை நிறுத்தி மோர் குடுக்கிற சாக்குல மொகத்தை உத்துப் பாரு. நெத்தி மேடு கறுத்திருக்கும். மூக்குத் தண்டு கறுத்திருக்கும். கன்னத்து எலும்பு மேலயும் தாடை நுனியிலயும் செம்பு ஏறியிருக்கும். கண்ணுக்குழி, மூக்கோரத்து மடிப்பு, கீழ் உதட்டுக்கு அடியில உள்ள பள்ளம், தாடைக்குக் கீழே கழுத்து, இங்கெல்லாம் பழைய நெறம் அப்படியே இருக்கும். வெயிலு மேட்டைத்தான் தொடும், பள்ளத்துல எறங்காது. அந்தக் கறுப்பைக் காட்டப் பூசுறதுக்குப் பேரு பிரான்சர். அதோட பிரஷ்ஷும் அதே பாதையிலதான் போகணும். நெத்தியோரத்துல ஆரம்பிச்சு, கன்னத்துக்கு வந்து, தாடைக்கு எறங்கி ஒரு மூணு எழுதுன்னு பார்லர்ப் பிள்ளைக சொல்லிக்கிடுதுக. மூணு போடு, நாலு போடு, ஆனா மூஞ்சி முழுக்க மெழுகாத. மொகம் முழுக்க ஒரே கறுப்பா இருந்தா அது வெயில் பட்டதில்லை, அடுப்படியில புகை பட்டது.

கன்னத்துச் செவப்பு கன்னத்தோட நிக்கக் கூடாது. ஒரு கன்னத்துலேருந்து மூக்குத் தண்டு மேல ஏறி அடுத்த கன்னத்துக்கு எறங்கணும். ரோஸ் கலரு வேணாம், நம்ம தோலுக்குச் செங்கல் கலரு, பழுத்த நாட்டுத் தக்காளிக் கலருதான் எடுக்கும். இப்பப் பழுப்புப் பென்சில்ல மூக்கு மேல புள்ளி புள்ளியா வேற வைக்கிறாக, வெயில்ல வந்த புள்ளின்னு காட்ட. நீ வைக்கிறதா இருந்தா வை. ஆனா உங்க அம்மாச்சி பக்கத்துல வராமப் பார்த்துக்கோ. எச்சியத் தொட்டு அழிச்சுட்டு, கன்னத்துல ஒரே ஒரு திருஷ்டிப் பொட்டாப் பெரிசா வெச்சு விட்டுருவா.

அடுத்து டப்பா. பிரான்சர் உன் தோலைவிட ஒண்ணு, ரெண்டு படி மட்டும் கறுப்பா இருக்கணும், அதுல செவப்புச் சாயல் இருக்கணும். அங்கிட்டு வெள்ளைத் தோலுக்குன்னு செஞ்ச டப்பாவை இங்கிட்டு வாங்கிப் பூசுனா, பூசுன எடம் வெளுத்துச் சாம்பலாத் தெரியும். மினுக்குறதுக்குப் பூசுறாகளே ஹைலைட்டர், அதுல வெள்ளி மினுக்கு வாங்காத. போட்டோவுல பார்க்கிறவுக, "பிள்ளை நெத்தியில மட்டும்தான் விபூதி வைக்கும், இன்னைக்கு ஏன் கன்னமெல்லாம் பூசியிருக்கு?"ன்னு கேப்பாக. தங்க மினுக்கு, தாமிர மினுக்கு, ரெண்டுல ஒண்ணு எடு. அதையும் நேத்திக்கடனுக்கு அள்ளி எறைக்காம, மோதிர விரல்ல தொட்டுக் கன்னத்து மேட்டுல ஒரு தட்டு, மூக்கு மேல ஒரு தட்டு, போதும்.

இதுக்கெல்லாம் அடியில பூசுற ஃபவுண்டேஷன்லதான் நம்ம ஊருக் கல்யாணம் எல்லாம் சிரிப்பாச் சிரிக்குது. மொகத்துல ரெண்டு படி வெளுப்பு ஏத்துறாக. கழுத்தை மறந்துர்றாக. கழுத்துக்கு நகை இருக்கு, மறைச்சுக்கலாம். கைக்கு? மாப்பிள்ளை கையைப் புடிக்கிறப்போ வேற ஒருத்தி கையைப் புடிச்சுட்டோமோன்னு ஒருதரம் நிமிர்ந்து பார்க்கிறான். டப்பாக் கலரைக் கைமேல தேய்ச்சுப் பார்க்காத, தாடையோரத்துலேருந்து கழுத்துக்கு இழுத்துப் பாரு. அதுவும் கடைக்குள்ள டியூப்லைட்டு வெளிச்சத்துல இல்லை, ரோட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்துல. எது இழுத்த தடம் தெரியாமக் காணாமப் போகுதோ அதுதான் உன் கலரு. வெயில் பட்ட மொகம் வேணும்ங்கிறவ மொதல்ல தன் நெறத்துல நிக்கணும். வெளுப்பு மேல பூசுற கறுப்புக்கு எந்த ஊருலயும் மதிப்பு இல்லை.

பனிக்காலத்துல இன்னொரு வில்லங்கம் இருக்கு. நகத்தால முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு கிழி. வெள்ளையாக் கோடு விழுந்தா உன் தோலு காஞ்சு கெடக்குன்னு அர்த்தம். அந்தத் தோலு மேல பவுடரைப் பூசுனா திட்டுத் திட்டா ஒட்டிக்கிட்டு, பத்தாவது நிமிசம் உதிரும். அதனால ஒரு வாரத்துக்கு முன்னாடியே வேலையை ஆரம்பி. சோப்பைக் குறைச்சுப் பாசிப்பயறு மாவு தேய்ச்சுக் குளி. வெந்நியைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தாத. துண்டை வெச்சு ஒத்தி எடுத்துட்டு, ஈரம் காயறதுக்குள்ள கிளிசரின் கலந்த கிரீமைப் பூசிரு. உதட்டுக்கு ராத்திரி நெய். மேக்கப் அன்னைக்குத் தேங்காய் எண்ணெயைத் தொடாத, பூசுனதெல்லாம் வழுக்கிக்கிட்டுத் தாலி கட்டுற நேரத்துல கழுத்துக்கு வந்துரும். பவுடர் பிரான்சருக்குப் பதிலாக் கிரீம் பிரான்சர் வாங்கு. அது தோலோட கலந்து தோலாத் தெரியும்.

இந்தப் பொன் மினுக்கு நமக்குப் புதுசா என்ன? கஸ்தூரி மஞ்சளைக் கல்லுல ஒரசிப் பூசிக் குளிச்சுட்டு, காலை வெயில்ல வாசத்தெளிக்க வந்து நிக்கிற பொம்பளை மொகத்தைப் பார்த்திருக்கியா? நீ பார்த்திருக்க மாட்டே, எந்திரிக்கிறதே ஒம்போது மணிக்கு. அம்புட்டுத் தங்கம் எந்த டப்பாவுலயும் இல்லை. அதோட சின்னாளபட்டிச் சேலையில மாம்பழ மஞ்சள், இல்லாட்டி அரக்கு எடுத்துக் கட்டு. சேலை நெறம் தாடைக்குக் கீழேருந்து மேலே அடிக்கும். பாதி மேக்கப்பு அதுவே பண்ணிரும். தந்த நெறம், சாம்பல் நெறம்னு இப்ப ஒரு சோக நெறமெல்லாம் கட்டுறாகளே, அதைக் கட்டுனா நீ பூசுன வெயிலு அஸ்தமிச்சுரும்.

ஆவாரம்பூவைப் பத்திச் சொல்லாட்டி என் கட்டை வேகாது. பொங்கலுக்குக் காப்புக் கட்டக் கட்டுக்கட்டா விக்குதே, அதைக் காயவெச்சு இடிச்சுப் பயறு மாவோட கலந்து பூசுறது நம்ம வீட்டுப் பழக்கம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு சொலவடையே இருக்கு. இதே ஆவாரஞ்செடிப் பட்டையிலதான் அந்தக் காலத்துல பேகம்பூர்த் தோல் ஷாப்புல ஆட்டுத்தோலை ஊறப்போட்டுப் பதனிட்டாக. தோல் பழுப்பாகி, மெதுவாகி, சீமைக்குக் கப்பல்ல போச்சு. பூவு உசிரோட இருக்கிற தோலுக்கு, பட்டை செத்த தோலுக்கு. மாத்தி எடுத்துறாத.

டப்பாவும் வேணாம், நாலு நாளைக்கு அழியாத கறுப்பு வேணும்ங்கிறவுகளுக்குச் செல்ஃப் டேனர்னு ஒண்ணு விக்கிறாக. அதுல டி.ஹெச்.ஏ.ன்னு ஒரு சர்க்கரைச் சரக்கு இருக்கு. தோசைக்கல்லுல மாவு செவக்கிறதைப் போலத்தான் அதுவும் மேல்தோல்ல உள்ள புரதத்தோட சேர்ந்து செவக்குது. உன் சித்தப்பன் ரெண்டும் ஒரே குடும்பத்து ரசாயனம்ங்கிறான். நெருப்பு மட்டும் இல்லை. ஒரு வாரத்துல அந்தத் தோல் உதிர்றப்போ கலரும் உதிர்ந்துரும். முழங்கை, முட்டி, விரல் கணுன்னு தோல் தடிச்ச எடத்துல மட்டும் கூடுதலாப் புடிச்சுக் கருகிரும். கறுப்பே அழகு, காந்தலே ருசின்னு நம்ம ஆளுக சொன்னாக, சரிதான். அதுக்காகத் திட்டுத் திட்டாக் காந்தணும்னு சொல்லலை. அப்புறம் சில நாட்டுல மின்சாரப் பெட்டிக்குள்ள படுத்துக் கறுக்கிறாளுக. அந்தப் பெட்டி புத்துநோய் தரும்னு 2009லயே உலக சுகாதார நிறுவனத்துப் புத்துநோய் ஆராய்ச்சிக்காரவுக மொத வரிசையில எழுதி வெச்சுட்டாக. அதுல படுத்து எந்திரிக்கிறதுக்குப் பதிலா நம்ம மொட்டைமாடியில வத்தலுக்குக் காவல் உக்காரு, வத்தலாச்சும் மிஞ்சும்.

"அப்போ நெச வெயில்லயே கறுத்துர்றேன் அப்பத்தா, கொடைக்கானல் போறேன்"னு கெளம்பிறாத. மலையில குளிருதுன்னு வெயிலு தூங்கும்னு நெனைக்காத. ஆயிரம் மீட்டர் ஏறுனா வெயிலோட கடி பத்துல ஒரு பங்கு கூடுமாம். கொடைக்கானல் ரெண்டாயிரத்துக்கு மேல. அங்கே ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டே கருகி எறங்குனவுக எத்தனை பேரு! 1899ல அந்த மலையில வானாய்வுக்கூடம் ஆரம்பிச்சு, அப்புறம் காலங்காலமாச் சூரியனைப் படம் புடிச்சுக்கிட்டிருக்காக. எவர்ஷெட்னு ஒரு துரை 1909ல சூரியப் புள்ளிக்குள்ள வாயு ஓடுறதை அங்கேதான் கண்டுபுடிச்சாரு. சூரியன் மூஞ்சியிலயே இருக்கிற புள்ளிக்குள்ள என்ன நடக்குதுன்னு நம்ம ஜில்லாவுலேருந்து உலகத்துக்குச் சொல்லியிருக்கோம். உன் மூஞ்சியில ஒண்ணு இருந்தா என்ன குடி முழுகிப்போச்சு?

ஆனா மங்கு வேற, சொல்லிப்புட்டேன். கன்னத்துலயும் நெத்தியிலயும் கருந்திட்டாப் படர்ற மங்கு, வெயில்ல கூடும், லேசுல போகாது. அதனால மார்கழியானாலும் சன்ஸ்கிரீன் போடு, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாம. ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கணும், கடுகளவு தொட்டு வெச்சுட்டுப் போட்டேன்னு சொல்லக் கூடாது. வெள்ளையாப் படியுதுன்னா, இரும்பு ஆக்சைடு கலந்த கலர் சன்ஸ்கிரீன் வாங்கு, நம்ம தோல்ல தெரியாது. மருந்துக்கடையில எவனாவது, "இதைப் போடுங்கக்கா, பத்து நாள்ல பளபளன்னு ஆயிருவீங்க"ன்னு ஒரு டியூபை நீட்டுனா வாங்காத. பல நேரம் அது ஸ்டீராய்டு களிம்பு. தோலை மெலிசாக்கி, செவக்க வெச்சு, நிறுத்துனா மொகத்தைப் பொங்க வெச்சுரும். டாக்டர் சீட்டு இல்லாம அதை விக்கக் கூடாதுன்னு 2018ல அரசாங்கமே சொல்லிருச்சு. மொகத்துல செவப்பு வந்துச்சுன்னு சந்தோசப்படுறவளுக்கு அது புண்ணுன்னு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும்.

இப்ப முடிக்கு வருவோம். ஆடு மேய்க்கிற பய ஒருத்தன் சிறுமலை அடிவாரத்துல திரிவான், அவன் தலையைப் பாரு. உச்சியிலயும் நுனியிலயும் செம்பட்டை. வெயிலு முடிக்குள்ள இருக்கிற கறுப்பைத் தின்னுட்டு விட்ட மிச்சம் அது. "எண்ணெய் வைடா, செம்பட்டை அடிச்சுக் கெடக்கு"ன்னு அவன் ஆத்தா வைவா. நீ அதையே ஹைலைட்டுன்னு சொல்லி, அரைநாள் நாற்காலியில உக்காந்து, தலையில வெள்ளித்தாளைச் சுருட்டி வெச்சுக்கிட்டு வாங்குறே. அந்தப் பயலுக்குத் தெரிஞ்சா ஆட்டை வித்துட்டு பார்லர் வெச்சுருவான்.

நம்ம முடி கரிக்கறுப்பு. அதை ப்ளீச் பண்ணுனா நேரா அந்தப் போட்டோக்காரி பழுப்புக்குப் போகாது. மொதல்ல செவப்பு, அப்புறம் ஆரஞ்சு, அப்புறம்தான் மஞ்சள். பாதி வழியில நிறுத்துனா ஆரஞ்சுல நிக்கும். அதை அமுக்க நீலம் கலந்த டோனர் போடுவாக. அது சில வாரத்துல கழுவிக்கிட்டுப் போயிரும். அதுக்குள்ள நம்ம போர் தண்ணி உப்பு ஏறி முடி தேங்காய் நாராயிரும். கல்யாண ஆல்பத்துல நல்லா இருப்பே, மறுவீட்டு ஆல்பத்துல துருப்புடிச்சிருப்பே. பண்ணியே தீருவேன்னா நெத்தியோரம் ரெண்டு கீத்து மட்டும் பண்ணு, ரெண்டு படிக்கு மேல வெளுக்காத.

என்னைக் கேட்டா, ப்ளீச்சே வேணாம். அந்தக் கலருல ஒட்டுமுடி கிளிப்போட விக்குது. நாலு கீத்து வாங்கிச் செருகு, முடிஞ்சதும் கழட்டி வை. நாங்க சவுரி வெச்சப்போ பட்டிக்காடுன்னு சிரிச்சீக, இப்ப அதையே பெட்டியில போட்டு எக்ஸ்டென்ஷன்னு விக்கிறாக, பயபக்தியா வாங்குறீக. இல்லையா, மருதாணி போடு. கறுப்பு முடியை அது வெளுக்காது, ஆனா வெயில்ல நின்னா செவப்புச் சாயல் அடிக்கும். எலையை நீயே பறிச்சு அரைச்சுக்கோ. பாக்கெட்டுல 'கறுப்பு மருதாணி'ன்னு வர்றதுல பலதுல பி.பி.டி.ங்கிற சாயச் சரக்கு இருக்கு, சிலருக்குத் தலை முழுக்கப் புண்ணாக்கிரும். எந்தச் சாயமானாலும் காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு வெச்சு ரெண்டு நாள் பார்த்துட்டுத் தலையில வை. அலசுறதுக்கு அரப்பு இருக்கவே இருக்கு.

இதையெல்லாம்விட மலிவா ஒரு ஹைலைட்டு என்கிட்டயே இருக்கு. கனகாம்பரம்! நெத்தியோரத்துப் பழுப்பு முடி எதுக்கு? மொகத்துக்குப் பக்கத்துல ஒரு தாமிர வெளிச்சம் அடிக்கத்தானே? ரெண்டு மொழம் கனகாம்பரத்தைக் காதுக்குப் பின்னாடி எறக்கி வெச்சுப் பாரு, அந்த வெளிச்சம் தானா வரும். மல்லி வேணும்னு அடம்புடிக்காத. பனிக்கு மல்லி மொட்டு விடாது, நிலக்கோட்டையிலயும் வரத்துக் கொறஞ்சு தை முகூர்த்தத்துக்குக் கிலோ ஆயிரக்கணக்குல ஏறி நிக்கும். கனகாம்பரமும் ஒண்ணும் சும்மா வராது. சொந்தப் பேத்தின்னா என்ன, மொழத்துக்கு ரெண்டு ரூபாய் கொறைச்சுத் தர்றேன்.

கடைசியா ஒண்ணு. கல்யாண மண்டபத்து மேடையில வெள்ளை லைட்டா அடிச்சுத் தள்ளுவான். கண்ணாடி முன்னாடி தங்கமாத் தெரிஞ்சது அங்கே களிமண்ணாத் தெரியும். அதனால ஒரு வாரம் முன்னாடி ஒருதரம் முழு மேக்கப்பையும் போட்டு, பகல்ல வாசல்ல நின்னு ஒரு போட்டோ, ராத்திரி லைட்டுக்குக் கீழே ஒரு போட்டோ எடுத்துப் பாரு. ரெண்டுலயும் நீயாத் தெரிஞ்சா சரி. ஒண்ணுல நீ, ஒண்ணுல அந்த வெள்ளைக்காரியோட சித்தி பொண்ணுன்னா, பிரஷ்ஷைக் கீழே வெச்சுரு.

இம்புட்டும் பண்ணிட்டு நீ மேடையில நிக்கிறப்போ, மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி கண்டிப்பா வருவா. மோவாயைத் தொட்டு, "ஏம்மா, பொண்ணு பார்க்க வந்தப்போ நல்லா இருந்தியே, இப்படிக் கறுத்துட்டே?"ம்பா. நீ அழுதுறாத, மேக்கப்பு கரையும். சிரிச்சுக்கிட்டே, "ஆமா பெரியம்மா, மூவாயிரம் ரூபாய் ஆச்சு"ன்னு சொல்லு. சத்தமாச் சொல்லு. மறு முகூர்த்தத்துல அவ மகளும் அதே கறுப்புல வந்து நிப்பா, நானும் ரெண்டு மொழம் கூடுதலா விப்பேன்.